‘ரத்தத்திலேயே இருக்கு’ என்பதில் எவ்வளவு உண்மை?

போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா என் எதிரே வந்து உட்கார்ந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 100-க்கு 19. மதிப்பெண் அட்டையைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. “எங்க பரம்பரைக்கே கணக்கு வராது சார். எனக்கும் வரல, எங்கப்பாவுக்கும் வரல. ரத்தத்துலயே இல்ல” என்றார். பையன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அவன் அதை முழுசாக நம்பிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவன். மரபணு பாடம் நடத்துகிறவனிடம் வந்து ஒருவர் இப்படிச் சொன்னால், எடுத்த எடுப்பில் “தப்பு” என்று சொல்லிவிட முடியாது. அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவு தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, மனித நடத்தையைப் பற்றி மரபியல் ஆய்வுகள் என்ன கண்டுபிடித்திருக்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அடிப்படை. மரபணு என்பது டி.என்.ஏ.வின் ஒரு துண்டு. ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. மனிதரிடம் இப்படிப் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் ஒன்றுகூட கோபத்தையோ கூச்சத்தையோ நேரடியாகச் செய்வதில்லை. புரதம் உண்டாகிறது, அது ஒரு செல்லுக்குள் ஏதோ வேலை பார்க்கிறது, அந்தச் செல் மூளையில் வேறு ஆயிரம் செல்களோடு பேசுகிறது, அந்த மூளை ஒரு வீட்டில் வளர்ந்து ஒரு பள்ளிக்குப் போகிறது. கடைசியில் வெளியே தெரிவதைத்தான் நாம் குணம் என்கிறோம். நடுவில் அத்தனை படிகள். எந்தப் படியிலும் வெளியுலகம் உள்ளே புகுந்து கையை வைக்கலாம்.

படிகள் மிகக் குறைவாக உள்ள ஒரு நோயிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த விஷயம் எனக்கே புரிந்தது அதைப் படித்தபோதுதான்.

1934. நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரம். ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளுக்காகப் பல வருடமாக மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. போகப்போக மனவளர்ச்சி நின்றுவிட்டது. எந்த மருத்துவரும் காரணம் சொல்லவில்லை. அந்தத் தாய் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: குழந்தைகளின் சிறுநீரில் ஒரு விசித்திரமான வாடை அடிக்கிறது. கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அதைக் காதில் போட்டுக்கொண்டார். அவர் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சொட்டினார். வழக்கமாக வராத ஒரு கரும்பச்சை நிறம் வந்தது. தாயிடம் திரும்பத் திரும்ப மாதிரி வாங்கி, அந்த நிறத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லங்களில் தேடி, அதே பொருள் சிறுநீரில் இருந்த இன்னும் சிலரைக் கண்டுபிடித்தார். மொத்தம் 10 பேரைப் பற்றி அந்த வருடமே எழுதினார்.

இப்போது அதற்கு பினைல்கீட்டோனூரியா என்று பெயர். சுருக்கமாக பி.கே.யூ. நாம் சாப்பிடும் பால், பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றின் புரதத்திலும் பினைல்அலனின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதை மாற்றிச் செலவழிக்க ஈரலில் ஒரு என்சைம் வேண்டும். அந்த என்சைமுக்கான மரபணு அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதாகவே வந்துவிட்டால் என்சைம் வேலை செய்யாது. பினைல்அலனின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், வளரும் மூளையைக் கெடுத்துவிடும். சர்க்கரை சேர்க்காத சில குளிர்பான டப்பாக்களில், பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அது இவர்களுக்காகத்தான்.

நூறு சதவீதம் மரபணுவால் வருவது இது. “ரத்தத்திலேயே இருக்கு” என்ற பேச்சு எதற்காவது பொருந்தும் என்றால் இதற்குத்தான் பொருந்த வேண்டும். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தைக்கு பி.கே.யூ. இருப்பதைக் கண்டுபிடித்தார். குழந்தையால் நிற்க முடியாது, சுற்றி நடப்பதில் கவனம் கிடையாது. நாளெல்லாம் அழுகை, தலையை முட்டிக்கொள்ளுதல். இதற்குச் சிகிச்சை இல்லை என்று சொல்லியும் தாய் கேட்கவில்லை. தினமும் காலையில் ஆய்வகத்துக்கு வெளியே வந்து நின்று, ஏதாவது செய்யுங்கள் என்று பிக்கலைப் பிடித்துக்கொண்டார். அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் சேர்ந்து பினைல்அலனின் நீக்கிய ஓர் உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நிற்கக் கற்றுக்கொண்டது. கண்ணில் வெளிச்சம் வந்தது. தலையை முட்டுவது நின்றது. முடியின் நிறம்கூடக் கருத்தது. மாற்றம் உணவால்தான் வந்ததா என்று சோதிக்க, தாய்க்குத் தெரியாமல் உணவில் பினைல்அலனினைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்திலேயே குழந்தை பின்னோக்கிப் போகத் தொடங்கியது. தாய் பதறிப்போனார். ஒரு தாயிடம் சொல்லாமல் இப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று நிரூபணமானது இதுதான்: மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது, குழந்தையின் நடத்தை மாறியது.

அதே பழுது பிறந்த உடனே தெரிந்து உணவை மாற்றியிருந்தால் மூளை கெட்டிருக்கவே கெட்டிருக்காது. மரபணுவால் வருவது என்பதும் மாற்ற முடியாதது என்பதும் இரண்டு தனித்தனி விஷயம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இனி வருவது எல்லாம் இதைவிடச் சிக்கலானது.

கணக்கு, கூச்சம், முன்கோபம் போன்றவற்றுக்கு இப்படி ஒற்றை மரபணு கிடையாது. அப்படியானால் அவற்றில் மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அப்பாவுக்கும் பையனுக்கும் ஒரே குணம் என்பது சான்றாகாது. அப்பா பையனுக்கு மரபணுவையும் கொடுக்கிறார், வீட்டையும் கொடுக்கிறார். எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது: இரட்டைக் குழந்தைகள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்களுக்கு டி.என்.ஏ. ஏறத்தாழ அச்சு அசலாக ஒன்றே. இரண்டு தனித்தனிக் கருவாக உருவாகிச் சேர்ந்து பிறப்பவர்கள் சாதாரண அண்ணன் தம்பி போலத்தான். ஆளுக்கு ஆள் வேறுபடக்கூடிய மரபணு அம்சங்களில் சராசரியாகப் பாதிதான் அவர்களுக்குப் பொது. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் வளர்கிறார்கள். ஆகவே ஒரு குணத்தில் ஒருகரு இரட்டையர் அதிகமாகவும் இருகரு இரட்டையர் குறைவாகவும் ஒத்துப்போனால், அந்த வித்தியாசம் மரபணுவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

கணக்கும் எளிதுதான். ஒற்றுமையை 0 முதல் 1 வரை அளப்பார்கள்: 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் ஒற்றுமையே இல்லை. உயரத்தில் ஒருகரு இரட்டையரின் ஒற்றுமை 0.9, இருகரு இரட்டையரின் ஒற்றுமை 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.4. இருகரு இரட்டையரிடம் பாதி மரபணுதான் பொது என்பதால் இந்த வித்தியாசம் மரபணுவின் பங்கில் பாதியைத்தான் காட்டுகிறது. இரண்டால் பெருக்கினால் 0.8. அதாவது 80 சதவீதம். இதை மரபுவழிப் பங்கு என்று சொல்லலாம்.

ஒருகரு இரட்டையரை எல்லோரும் ஒரே மாதிரி நடத்துவார்களே, ஒரே மாதிரி சட்டைகூடப் போட்டுவிடுவார்களே, அதனால் ஒற்றுமை வரலாம் அல்லவா என்று கேட்டால், நல்ல கேள்வி. அதனால்தான் பிரிந்து வளர்ந்த இரட்டையரையும் தத்துக் குழந்தைகளையும் தேடிப்போய் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்டு 1979-இல் தொடங்கிய ஆய்வு அதில் பெரிய பெயர் பெற்றது. பிறந்து சில வாரங்களில் வெவ்வேறு குடும்பங்களுக்குத் தத்துப் போய், சுமார் 40 வயதில் சந்தித்துக்கொண்ட ‘ஜிம் இரட்டையர்’ கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருவருக்கும் ஒரே பெயர், இருவரின் மனைவிமார் பெயரும் ஒன்று என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மனைவியின் பெயரை மரபணு தேர்ந்தெடுக்காது. அந்தக் கதையை ஓரமாக வைத்துவிடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகளைச் சோதித்துக் கிடைத்த எண்கள்தான் முக்கியம். தனித்தனி வீட்டில் வளர்ந்த ஒருகரு இரட்டையரும் குணத்திலும் அறிவுத்திறன் சோதனைகளிலும் நிறையவே ஒத்துப்போனார்கள்.

2015-இல் ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2,748 ஆய்வுக் கட்டுரைகள், 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் ஜோடிகள், உடலும் மனமும் சார்ந்த 17,804 அம்சங்கள். எல்லாவற்றின் சராசரி மரபுவழிப் பங்கு 49 சதவீதம். அதாவது அந்த அப்பா முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ஆராய்ந்து பார்த்த கிட்டத்தட்ட எல்லாக் குணங்களிலும் மரபணுவுக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கிறது.

சரி, 49 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்? இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். என் கணக்குத் திறமையில் பாதி மரபணு, மீதிப் பாதி படிப்பு என்று இதற்கு அர்த்தம் கிடையாது. எந்தத் தனி ஆளைப் பற்றியும் இந்த எண் பேசுவதே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரிகிற வித்தியாசத்தில், எவ்வளவு வித்தியாசம் மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அதுவும் அந்தக் கூட்டத்தில், அந்தக் காலத்தில், அந்தச் சூழலில்.

ஒரு சின்ன உதாரணம். நம் கையில் ஐந்து விரல் இருக்கக் காரணம் மரபணுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பெரியவர்களிடம் விரல் எண்ணிக்கையின் மரபுவழிப் பங்கைக் கணக்கிட்டால் மிகக் குறைவாகத்தான் வரும். ஏன்? நான்கு விரலோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்திலோ விபத்திலோ விரலை இழந்தவர்கள். வித்தியாசம் வந்தது வெளியிலிருந்து. எண்ணிக்கை வந்தது உள்ளிருந்து.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஒரு ஊரில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே தரமான சாப்பாடு, ஒரே தரமான பள்ளி கிடைத்துவிட்டால், சூழல் உண்டாக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். மிச்சம் இருப்பது மரபணு வித்தியாசம்தான். மரபுவழிப் பங்கு ஏறிவிடும். யாருடைய மரபணுவும் மாறாமலே!

உயரத்தின் மரபுவழிப் பங்கு 80 சதவீதம் என்றேனே. தென் கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். மூன்று நான்கு தலைமுறையில் மரபணு அப்படி மாறிவிடாது. சாப்பாடும் சுகாதாரமும் மாறின. இன்றும் அங்கே அக்காவைவிடத் தங்கை ஏன் உயரம் என்று கேட்டால் பெரும்பாலும் மரபணு என்றுதான் பதில் வரும். பாட்டியைவிடப் பேத்தி ஏன் உயரம் என்று கேட்டால் பதில் சோறு. இரண்டு பதிலும் சரி. கேள்விகள்தான் வேறு வேறு.

நம் ஒன்பதாம் வகுப்புப் பையன் விஷயமும் இதுதான். கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டு, எங்கிருந்து கணக்கு புரியாமல் போனது என்று சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து பின்னோக்கித் தேடினோம். இயற்கணிதத்தில் திணறினான். அதற்குக் காரணம் பின்னம் தெரியாதது. பின்னம் ஏன் தெரியவில்லை? ஆறாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் பள்ளிக்கு வரவில்லை, திரும்பி வந்தபோது அந்தப் பாடம் முடிந்துவிட்டது. அவனுக்கு மரபணுவால் கணக்கு கொஞ்சம் மெதுவாக வருமோ என்னவோ, அதை யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒன்றரை மாதத்தை மட்டும் எங்களால் சரிசெய்ய முடிந்தது.

மரபணுக்களை நேரடியாகத் தேடத் தொடங்கிய கதைக்கு வருகிறேன். 1993-இல் ஹான் பிரன்னர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலர் லேசான அறிவுக்குறைவோடு, திடீர் திடீரென்று கட்டுக்கடங்காத ஆத்திரம் கொண்டவர்களாக இருந்தார்கள். குரோமோசோம்கள் என்பவை டி.என்.ஏ. பொதிந்திருக்கும் இழைகள். அவற்றில் எக்ஸ் என்ற குரோமோசோமில் உள்ள எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு அவர்களிடம் முற்றிலும் பழுதடைந்திருந்தது. செரடோனின் முதலான மூளை ரசாயனங்களைச் சிதைக்கும் என்சைமை உருவாக்குவது அது. மிக அரிதான பழுது, உலகில் வெகு சில குடும்பங்களில்தான் தெரியவந்திருக்கிறது.

ஆனால் ஊடகங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. அதே மரபணுவின் சாதாரணமான, பலரிடமும் இருக்கும் ஒரு வடிவத்துக்கு ‘போர்வீரர் மரபணு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் வன்முறைக்கு அதுதான் காரணம் என்று 2006-இல் செய்தி கிளம்பி, அந்த மக்கள் அவமானப்பட்டார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! நிலம் பறிபோனதும் வறுமையும் யார் கண்ணிலும் படவில்லை.

அதே காலத்தில் செரடோனின் தொடர்பான இன்னொரு மரபணு, வாழ்க்கையில் அடி விழும்போது மனச்சோர்வைக் கொண்டுவரும் என்று 2003-இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. 847 பேரை வைத்து நடந்த ஆய்வு. அதன் மேல் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் எழுந்தன. 2019-இல், மனச்சோர்வுக்குக் காரணம் என்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானவர்களின் தகவல்களில் வைத்துச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ 18 மரபணுக்களைவிட அவை மேலாக எதையும் காட்டவில்லை. இருபது வருட உழைப்பு அப்படியே சரிந்தது. அறிவியல் தோற்றது என்று இதை நான் பார்க்கவில்லை. தன் தவறைத் தானே தோண்டி எடுத்துப் பொதுவில் வைத்தார்கள். இன்றும் ‘இந்தக் குணத்துக்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் பெரும்பாலும் அந்தப் பழைய பாணியில்தான் இருக்கின்றன. அப்படி ஒன்று வந்தால், எத்தனை பேரை ஆராய்ந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

இப்போதைய முறை வேறு. முன்கூட்டியே ஒரு மரபணுவைச் சந்தேகப்படாமல், லட்சக்கணக்கானவர்களின் டி.என்.ஏ. முழுவதிலும் பல லட்சம் இடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது. எத்தனை வருடம் படித்தார்கள் என்பதை வைத்து 2018-இல் 11 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வில் படிப்போடு தொடர்புள்ள 1,271 இடங்கள் கிடைத்தன. 2022-இல் 30 லட்சம் பேர், 3,952 இடங்கள். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இடத்தின் விளைவும் எவ்வளவு தெரியுமா? 2018 ஆய்வில் நடுத்தரமான ஓர் இடத்தின் விளைவு 1.7 வாரப் படிப்பு. நம் ஊர்ப் பள்ளி அரையாண்டு விடுமுறையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கூட்டி ஆளுக்கு ஒரு மதிப்பெண் போட்டாலும், படித்த வருடங்களில் உள்ள வித்தியாசத்தில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது.

அந்த 12 முதல் 16 சதவீதமும் முழுக்க உடலுக்குள்ளிருந்து வருவதில்லை. ஐஸ்லாந்தில் 2018-இல் ஒரு அருமையான ஆய்வு நடந்தது. அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்து குழந்தைக்கு வந்து சேராத மரபணு வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குழந்தையின் உடம்பில் அவை இல்லவே இல்லை. அப்படியும் குழந்தை எவ்வளவு படித்தது என்பதோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. வந்து சேர்ந்த வடிவங்களின் விளைவில் ஏறத்தாழ 30 சதவீதம். எப்படி? அந்த வடிவங்கள் பெற்றோரிடம் இருக்கின்றன. பெற்றோர் எப்படிப்பட்டவர்கள், எவ்வளவு படித்தார்கள், வீட்டை எப்படி அமைத்தார்கள் என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. குழந்தை வளர்ந்தது அந்த வீட்டில். மரபணு என்ற பெயரில் நாம் அளப்பதில் ஒரு பகுதி வளர்ப்புதான்.

இதை என் வகுப்பில் வேறு விதமாகச் சொல்வேன். என் பாட்டி 1940-களில் வயதுக்கு வந்த அன்றோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவருடைய அண்ணன் பத்தாவதைத் தாண்டிப் படித்தார். பாட்டிக்கு மனக்கணக்கு பிரமாதமாக வரும். அரிசிக் கடைக்காரர் விலையைக் கூட்டி முடிப்பதற்குள் இவர் சில்லறையை எண்ணி வைத்திருப்பார். அன்றைக்கு எங்கள் ஊரில் இந்த முறையில் ஓர் ஆய்வு நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பவர்கள் (பெண்கள்) குறைவாகப் படிக்கிறார்கள், ஒரு எக்ஸ் ஒரு ஒய் இருப்பவர்கள் (ஆண்கள்) அதிகம் படிக்கிறார்கள். எந்தத் தவறும் இல்லாத கணக்கு. ‘படிப்புக்கான குரோமோசோம்’ என்று யாராவது பெயர்கூட வைத்திருப்பார்கள். ஆனால் காரணம் குரோமோசோமில் இல்லை, வீட்டு வாசல்படியில் இருந்தது. பள்ளிக் கதவு திறந்ததும் அந்த ‘மரபணு விளைவு’ காணாமல் போனது. இன்று தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் பெண் பிள்ளைகளின் தேர்ச்சி விகிதம் ஆண் பிள்ளைகளைவிட வருடா வருடம் அதிகம்.

மரபணுவின் விளைவு நிஜமாகவே பெரிதாக இருக்கும் இடங்களும் உண்டு. மது அதில் ஒன்று. கிழக்காசியாவில் பலருக்கு ஏ.எல்.டி.எச்.2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருக்கிறது. அது இருந்தால், மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு சீக்கிரம் வெளியேறாது. ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். இயற்கையே போட்ட தடை. குடிநோயிலிருந்து அது பெரும் பாதுகாப்பு தரும். ஜப்பானில் குடிநோயாளிகளிடம் சோதித்தபோது, 1979-இல் இந்த வடிவத்தின் ஒரு பிரதியைக் கொண்டிருந்தவர்கள் 2.5 சதவீதம்தான். 1986-இல் 8 சதவீதம். 1992-இல் 13 சதவீதம். பதின்மூன்று வருடத்தில் மரபணு மாறவில்லை. குடிக்கச் சொல்லி நெருக்கும் சமூகப் பழக்கம் வளர்ந்து, உடம்பு வேண்டாம் என்று கத்தியதையும் மீறிக் குடிக்க வைத்துவிட்டது.

மரபணுவைப் பற்றிய பேச்சு ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. இரட்டையரை ஆராயலாம் என்று 1875-இலேயே எழுதிய பிரான்சிஸ் கால்டன்தான், ‘நல்ல’ பரம்பரையைப் பெருக்கி ‘மோசமான’ பரம்பரையைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். அந்தக் கொள்கையின் பேரில் அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அது செல்லும் என்று 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. ஜெர்மனியில் நாஜிகள் 1933-இல் சட்டம் போட்டு லட்சக்கணக்கானவர்களுக்கு அதைச் செய்தார்கள். பிறகு கொலைக்குப் போனார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. குணம் பரம்பரையாக வரும், குற்றமும் பரம்பரையாக வரும் என்று நம்பி ஆங்கிலேய அரசு 1871-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தமிழில் அதன் பெயரே குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததே குற்றத்துக்குச் சான்று. கைரேகை கொடுக்க வேண்டும், ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து பதிய வேண்டும். மதுரைப் பக்கம் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மாட்டோம் என்று மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் போனது. அதன் பின்னால் எந்த அறிவியலும் இருக்கவில்லை. ‘ரத்தத்திலேயே இருக்கு’ என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஏன் உடம்பு கூசுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

அதே ஆராய்ச்சி பழியைத் துடைத்ததும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார் பாசம் காட்டாததால்தான் குழந்தை அப்படி ஆனது என்று 1950, 60-களில் அமெரிக்காவில் பெரிய மருத்துவர்களே சொன்னார்கள். ‘குளிர்பெட்டித் தாய்’ என்று பட்டம். குழந்தையை வளர்க்கும் பாரத்தோடு இந்தப் பழியையும் சுமந்தார்கள் அந்தப் பெண்கள். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இங்கிலாந்தில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒருகரு ஜோடிகள் 11-இல் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம். இருகரு ஜோடிகள் 10-இல் ஒன்றில்கூட இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் இதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது என்ற கதவை அது திறந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. மனச்சிதைவு நோயிலும் இதே கதைதான். மனச்சிதைவு இருந்த தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறு இடத்தில் வளர்ந்த 47 பேரை லியோனார்ட் ஹெஸ்டன் 1966-இல் தேடிப்பிடித்துப் பார்த்தார். 5 பேருக்கு அந்த நோய் வந்திருந்தது. அதே மாதிரி பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்ப்புச் சரியில்லை என்று பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அதன் பிறகு கடினமானது. 47-இல் 42 பேருக்கு அந்த நோய் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இன்று நம் ஊரிலும் குழந்தையின் எச்சிலை எடுத்துப் பரிசோதித்து, உங்கள் பிள்ளைக்கு இசை வருமா, விளையாட்டு வருமா என்று அறிக்கை தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பல லட்சம் பேரை வைத்துக் கணக்கிட்டாலே தனி ஒருவரைப் பற்றிச் சொல்ல முடிவது மிகக் கொஞ்சம் என்று மேலே பார்த்தோம். அடுத்து, இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துச் செய்த மதிப்பெண்ணை, உடல் சார்ந்த அம்சங்களுக்கே தெற்காசியர்களிடம் போட்டுப் பார்த்தபோது, துல்லியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. குணத்துக்கும் திறமைக்கும் கேட்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் பிள்ளையை ஒரு மாதம் மிருதங்க வகுப்புக்கு அனுப்பிப் பாருங்கள். அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவனே சொல்லிவிடுவான்.

செலவு செய்யத்தக்க ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரீ என்ற மருத்துவர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்தே பி.கே.யூ.வைக் கண்டுபிடிக்கும் வழியை 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அவருடைய உறவுக்காரக் குழந்தை ஒன்றுக்கே பி.கே.யூ. இருந்து, தாமதமாகத் தெரியவந்திருந்தது. இப்போது பல நாடுகளில் எல்லாக் குழந்தைக்கும் இது கட்டாயம். அதே ரத்தத்தில் தைராய்டு குறைபாடு போன்ற வேறு சிலவற்றையும் பார்த்துவிடலாம். நம் நாட்டில் பி.கே.யூ.வைவிட அந்தத் தைராய்டு குறைபாடுதான் அதிகம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் தினமும் ஒரு மலிவான மாத்திரை போதும், குழந்தையின் மூளை காப்பாற்றப்படும். ஆனால் நம் நாட்டில் எல்லா மருத்துவமனையிலும் இதை வழக்கமாகச் செய்வதில்லை. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், இரண்டாம் மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும் முன், “குதிகால் ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.